மெலிவில் நின்றவர்

புலவர்களைப் பற்றியும் நாவலாசிரியர்களைப் பற்றியும் கேட்டுவரும் இலக்கியத் தொடரிலே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் சற்றுப் புதியவராகத் தோன்றலாம். அவர் பாட்டு எழுதியவர் அல்லர், பாடியவர் அல்லர், மெட்டமைத்தவரும் அல்லர். ஆயினும் இந்த வாவிக்கரையிலே அவர் வாசிப்பைக் கேளாத வீடு இருக்க முடியாது. அவர் பெயர் சசிதரன். இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் பேஸ் கிற்றார் வாசித்தவர்.

பேஸ் கிற்றாருக்கு நான்கு தடித்த கம்பிகள். சாதாரண கிற்றாரின் தாழ்ந்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே அவற்றின் சுருதி நிற்கும். ஆகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. பழந்தமிழிசை மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகளைச் சொல்லும். காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலின் பக்கம் போனவர்களுக்கு இச்சொற்கள் புதியன அல்ல. பேஸ் கிற்றார் மெலிவிலே வாழும் வாத்தியம். மெலிவு என்றவுடன் நலிவு என்று பொருள் கொண்டுவிடலாகாது. அத்திவாரமும் கீழேதான் கிடக்கிறது.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் பாட்டு வேண்டுமென்றால் ரெக்கோடிங் பாருக்குத்தான் போக வேண்டும். வெற்றுக் கசெற்றையும், பாட்டுகளின் பெயரெழுதிய துண்டையும் கொடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்துப் போய் எடுத்துவர வேண்டும். கசெற்றின் உறையிலே படத்தின் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் இருக்கும். இசை இளையராஜா என்று இருக்கும். வாசித்தவர் பெயர் இராது. வீட்டு வானொலியின் உள்ளங்கையளவு ஸ்பீக்கருக்கோ அந்தத் தாழ்ந்த ஒலியை அப்படியே தரும் வலு கிடையாது. மேலே எழும் கிளையொலிகளை வைத்துக்கொண்டு, கீழே என்ன இருந்திருக்கும் என்று நம் காதுதான் ஊகித்துக்கொள்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தென்னையிலே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அதுவும் இல்லை. பிறகு ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. வீதியிலே நின்றவர்களின் நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது. பல ஆண்டுகள் கேட்ட பாட்டுக்குள்ளே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது அன்றுதான் வெளிப்பட்டது.

நாட்டுப் பாடலோடு மின்கிற்றாரைச் சேர்ப்பது 1960களின் நடுப்பகுதியிலே மேலைநாட்டில் பெரிய அலையாக எழுந்தது. 1976 இல் 'அன்னக்கிளி' வந்தபின் தமிழ்த் திரையிலும் கிராமத்து மெட்டுக்குப் புதிய மதிப்பு வந்தது. அடுத்த ஆண்டுகளில் அந்த மெட்டுகளின் கீழே மேலைநாட்டு வாத்தியங்கள் தமக்கென ஒரு வழியிலே நடக்கத் தொடங்கின. நம் இசையிலே தாழ்ந்த ஒலி என்றால் தம்புராவைப்போல நின்ற இடத்தில் நிற்பது, இதுவோ நடந்தது. 1982 இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை எல்லோரும் சொல்வார்கள். சந்திரசேகரின் கிற்றாரைச் சொல்பவர்களும் உண்டு. பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் கீழிருந்து ஏறிவந்து, அடுத்த அடிக்கு வழிவிட்டு ஒதுங்குகிறதே ஒன்று, அதைச் சொல்பவர் சிலரே.

அந்தச் சிலரில் மூவர் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறோம். ஒருவர் கல்லடியிலே தோணி இயந்திரம் திருத்துபவர். மற்றவர் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் இசைக்குழுவோடு பேஸ் வாசிப்பவர். அவர் ஒருமுறை சொன்னார்: "சேர், பாட்டுக்காரன் ஒரு வரிய விட்டாலும் சனம் பாடி முடிச்சிரும். நான் விட்டா, என்ன விட்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியா. ஆனா ஆடுறவன் நிண்டிருவான்."

எங்களுக்குள்ளே தீராத வழக்கு ஒன்று உண்டு. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்குமான சுரங்களைத் தம் கையாலேயே எழுதிக் கொடுப்பவர். அப்படியிருக்க, பேஸின் அழகுக்கு வாசித்தவரை எதற்காகப் புகழ வேண்டும் என்பார் இயந்திரக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் தாளிலே உள்ளது எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பது மட்டுமே. விரல் கம்பியை விட்டு எப்போது எழவேண்டும், அதிர்வை எங்கே அணைக்கவேண்டும், மத்தளத்துக்கு ஒரு மயிரிழை முன்னா பின்னா என்பதெல்லாம் தாளில் இல்லை. கூத்து ஏடு கையிலிருந்தால் எவரும் அண்ணாவியார் ஆகிவிடுவாரா? அக்காலத்து ஒலிப்பதிவில் பெரும்பாலும் குழு முழுவதும் ஒருங்கே இருந்து வாசித்தது. ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி தொடங்கவேண்டும். அந்த நெருக்கடிக்குள்ளே ஆண்டுக்கணக்காக நின்றவரின் பங்கை எழுத்துக்கூலி போல ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

இளங்கோவடிகளும் ஒப்பியிருக்கமாட்டார். அரங்கேற்று காதையிலே மாதவி ஆடத் தொடங்குமுன் அவர் நம்மைக் காக்கவைக்கிறார். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் சொல்லி முடித்தபிறகே அரங்குக்கு வருகிறார். வகுப்பிலே மாணவர் கொட்டாவி விடும் பகுதி இது. எனக்கோ மிகப் பிடித்த பகுதி. தண்ணுமைக்காரனைப் பற்றி அவர் சொல்வதைப் பாருங்கள். மற்றக் கருவிகளில் குறைவது எங்கே என்று கண்டு நிரப்பவேண்டும். மிகுவது எங்கே என்று கண்டு அடக்கவேண்டும். தன் கை அளவு கடந்து மேலெழாமலும் இருக்கவேண்டும். பேஸ் கிற்றாருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் இளங்கோவும் அவர்களின் பெயரைத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் டிற்ரொயிற் நகரிலே மோட்டவுன் நிறுவனத்தின் 1960களின் புகழ்பெற்ற பாடல்களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். இசைத்தட்டு உறையிலே அவர் பெயர் ஏறியது 1971 இல், மார்வின் கே வெளியிட்ட தொகுப்பொன்றில்தான். 1983 இல் அவர் இறந்துவிட்டார். அதன்பின்னரே ரசிகர்கள் அவர் வாசித்த பாடல்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார்கள்.

எங்கள் இயந்திரக்காரரும் அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறார். பாடல், படம், ஆண்டு, பேஸ் எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று எண்ணெய்க் கறையோடு எழுதிய குறிப்புகள் அவை. வழக்கிலே எதிர்க்கட்சியில் நிற்பவர் இதைச் செய்வதுதான் வேடிக்கை. அந்தக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து இப்போது வேறொரு பட்டியல் வளர்கிறது. தம் ஊர்க் கூத்துக் களரியில் சல்லரி போட்டவர்கள், பிற்பாட்டு நின்றவர்கள். அண்ணாவியார் பெயரை ஊரே சொல்கிறது. அரசனாக ஆடியவரின் பெயரைப் பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். சல்லரிக்காரரைத் தேடித்தான் கிழவர்களின் வீட்டுத் திண்ணைகளுக்கு அவர் ஏறியிறங்குகிறார். இதுவரை ஒன்பது பெயர் சேர்ந்திருக்கிறது. ஒன்பதாவது ஒரு பட்டப்பெயர்தான். சொந்தப் பெயர் தெரிந்தவர் ஊரிலே ஒரே ஒரு அம்மா, அவரும் மகளோடு திருகோணமலைக்குப் போய்விட்டாராம். வருகிற போயாவுக்கு அங்கே போவதாக இருக்கிறார்.