கேட்டு எழுதினால் போதாது, கூட இருந்து பார்க்க வேண்டும்



விவசாயத்திலே ஒரு புதுச் சேதி வருகிறது. அது ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய, தாளும் பேனாவுமாக ஒருவர் வருவார். "ரேடியோவிலே சொன்னது புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். வந்தவர் மனசு நோகக் கூடாதே என்று நாமும் "புரிஞ்சுதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இன்னொரு முறை உண்டு. ஆராய வருகிறவர் ஊரிலேயே சில காலம் தங்குவார். களத்துமேட்டிலும், டீக்கடையிலும், தண்ணீர் எடுக்கிற இடத்திலும் கூட இருந்து பார்ப்பார். விதையை எடுத்து வைப்பது யார், யார் சொன்னால் ஊர் கேட்கும், எந்த நேரத்தில் யாருக்கு ஓய்வு என்பதையெல்லாம் கண்ணால் கண்டு எழுதுவார். இதற்கு இனவரைவியல் முறை என்று பெயர்.

ஊர்ப் பேச்சுக்குக் காது கொடுத்தாலே பாதி விளங்கும். 1960-களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, அதை 'ரேடியோ நெல்' என்றே மக்கள் சொன்னார்கள். சேதி எந்த வழியாக வந்தது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது அல்லவா?

நம்ம புதுக்கோட்டைச் சீமையையே பாருங்கள். 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். வெளியே போய்வர அடுத்தவர் துணையை எதிர்பார்த்திருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளையும் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பெண்களிடம் பேசியபோது ஒரு சங்கதி தெரிந்தது. சிலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்திருந்தது. ஏன் தெரியுமா? முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! கடைக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், வாங்கியது ஆண்களுக்கு என்றுதானே எழுதியிருப்பார்கள்?

ஆகவே, உங்கள் ஊருக்கு ஆராய வருகிறவர்களிடம் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்:

புரியாததைப் "புரியலை" என்றே சொல்லுங்கள்.

திண்ணையில் பேசி அனுப்பாமல் வயலுக்கு அழைத்துப் போங்கள்.

நாற்று நடுகிற, களை பறிக்கிற பெண்களிடமும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். வேலை அவர்கள் கையில் இருக்க, சேதி ஆண்களோடு நின்றுபோனால் யாருக்கு லாபம்?

எழுதியதை ஊராருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

தப்பாக எழுதிப் போனால், அடுத்த சேதியும் தப்பாகத்தான் வரும். நட்டம் நம் வயலுக்கு.