நாரியின் பலம்



இந்த மைதானத்தில் நான் வலைப்பந்து விளையாடிய காலத்தில், பந்தைப் பிடித்ததும் நிற்க முடியாமல் இன்னோர் அடி வைத்துவிடுவேன். விசில் ஊதும், பந்து மற்ற அணிக்குப் போகும். கால் பலம் போதாதென்று நினைத்து ஓடி ஓடிப் பழகினேன். குறை காலில் அல்ல, வயிற்றிலும் நாரியிலும்தான் என்பது வைத்தியம் படித்தபோதே விளங்கியது.

மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், முன்னே வயிற்றுத் தசைகள், பின்னே முதுகுத் தசைகள். ஒரு பீப்பாய் போன்ற இந்தப் பகுதியைத்தான் பயிற்றுநர்கள் 'கோர்' என்கிறார்கள். நாம் கையை உயர்த்துவதற்குச் சற்று முன்னரே வயிற்றின் ஆழத்திலுள்ள தசை இறுகி முள்ளந்தண்டைத் தாங்குகிறது. நடுவுடல் தளர்ந்திருந்தால் காலில் பிறக்கும் விசை கைக்கு முழுதாகப் போய்ச் சேராது.

யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல்கள் போட்டவர் அவர். எல்லோரும் அவருடைய 6 அடி 10 அங்குல உயரத்தையே பேசுகிறார்கள். ஆனால் இருவர் நெருக்கி நிற்க, உயரத்தில் பந்தைப் பிடித்து, அடி தவறாமல் நின்று, 3 செக்கனுக்குள் எறிய வேண்டும். அதற்கு உயரம் மட்டும் போதாது.

எங்கள் அம்மம்மாமாருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில். ஒரு பக்க இடுப்பில் நிறைகுடம். உடல் சாயாமல் மறுபக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கும். அதுவே அவர்களின் பயிற்சி. குழாய்த் தண்ணீர் வந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

கிளினிக்குக்கு வரும் என் வயதுப் பெண்கள் நாரி நோவைச் சொல்வார்கள். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதைச் சொல்லமாட்டார்கள். நான்தான் கேட்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கும் அது இருந்தது. வைத்தியராக இருந்தும் ஒரு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு இடுப்புத்தளப் பயிற்சி செய்து, சில மாதங்களில் தேறினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேளுங்கள், உதவி உண்டு.

தங்கைமாரே, ஒரு பாய் போதும். முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகை போல நேராக 10 செக்கன் பிடியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். நாளுக்கு நாள் சிறிது கூட்டுங்கள். பிள்ளை பெற்றவர்கள் வைத்தியரிடமோ மருத்துவமாதிடமோ கேட்டுத் தொடங்குங்கள்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் நான் விளையாட்டை விட்டேன். உங்கள் மகள்மாரை விடச் சொல்லாதீர்கள். இங்கே அவர்கள் சேர்க்கும் பலம் கிண்ணத்துக்கு மட்டுமல்ல. நாற்பது வயதில் நிமிர்ந்து நிற்கவும்தான்.