தாய்க் காணியும் பிள்ளைக் காணிகளும்



யாழ்ப்பாணத்துக் காணி உறுதி எதனை விரித்துப் படித்தாலும், காணியின் பெயரும் பரப்பும் நாற்றிசை எல்லையும் அதில் முறையாகக் கூறப்பட்டிருக்கும். தந்தையின் காணி பிள்ளைகளுக்குப் பங்காகிறது. அப்பங்கு பேரப்பிள்ளைகளுக்கு மீண்டும் பங்காகிறது. இவ்வாறு காணிக்குள் காணியும், அதற்குள் இன்னொரு காணியுமாக அடுக்கடுக்காக அமைகின்றன. ஒவ்வொரு பிரிவினையின்போதும் வெவ்வேறு நில அளவையாளர் வெவ்வேறு காலத்தில் படம் வரைந்துள்ளனர்.

இப்படங்களையெல்லாம் இன்று கணினியில் ஏற்றுகின்றார்கள். விலையின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருள்களில், ஒவ்வொரு காணியும் ஒரு பலகோணமாக நிற்கும். இந்தப் பிள்ளைக் காணி எந்தத் தாய்க் காணியிலிருந்து பிரிந்தது என்பதே அங்கு எழும் வினா. பத்துக் காணிகளாயின் கண்ணாற் பார்த்துக் கூறிவிடலாம், பத்தாயிரமாயின் இயலாது. விடை பிழைத்தால் ஒருவருடைய பங்கு அயலவர் காணியின் கணக்கிற் சேர்ந்துவிடும்.

முதற்பணி, எல்லாப் படங்களையும் ஒரே கட்டத்தில் வைப்பதாகும். இலங்கையின் பழைய தேசியக் கட்டம், பீதுருதலாகல மலையை அடுத்த தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என எண் கொடுத்தது. 1999 ஆம் ஆண்டுக் கட்டமோ இரண்டினையும் 500,000 ஆக்கியது. இவ்வேறுபாட்டைக் கணினிக்கு அறிவிக்காவிடின், ஒரே கிணறு இரு படங்களில் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் விலகி நிற்கும். தாயும் பிள்ளையும் சந்திக்கவே மாட்டா.

அடுத்து, பிள்ளைக் காணி முழுவதும் தாய்க் காணிக்குள் அடங்குகிறதா என்று கணினியை வினவலாம். வேலியின் ஒரு மூலை சாண் அளவு வெளியே வரையப்பட்டிருந்தாலும், "இல்லை" என்றே அது விடை கூறும். சரி, காணியின் நடுப்புள்ளியை மட்டும் பார்த்தாற் போதாதா எனின், அதிலும் இடர் உண்டு. "ட" என்னும் எழுத்தைப் போல் வளைந்த காணியின் நடுப்புள்ளி அயலவர் முற்றத்தில் விழக்கூடும். ஆதலால் காணிக்குள் உறுதியாக விழும் ஒரு புள்ளியையே தேர்தல் வேண்டும்.

இதனினும் நம்பத்தக்கது, மேற்படியும் பரப்பை அளத்தல். 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர், 160 பேர்ச் கொண்ட தாய்க் காணி நான்கு சம பங்காயிற்று எனக் கொள்வோம். ஒரு பங்கு 40 பேர்ச். அதில் 39 பேர்ச் தாய்க் காணியிலும் 1 பேர்ச் அயற்காணியிலும் விழுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றேழரை பங்கு உள்ளே இருப்பதால், தாய் எதுவென்பதில் ஐயமில்லை. பேரன் காணியோ தந்தையின் பங்கினுள்ளும் பாட்டனின் பெருங்காணியினுள்ளும் ஒருங்கே அடங்கும். அப்போது, அதனைக் கொண்டிருப்பனவற்றுள் மிகச் சிறியதையே நேர்த்தாயாகக் கொள்ளவேண்டும்.

இறுதியாகக் கூட்டிப் பார்த்தல் அவசியம். பிள்ளைகளின் பரப்புகள் சேர்ந்து 160 பேர்ச் ஆகாமல் 156 ஆனால், குறைந்த 4 பேர்ச் எங்கே? அது எவர் பங்கிலும் வரையப்படாத பொது ஒழுங்கையாக இருக்கலாம். அளவைப் பிழையாகவும் இருக்கலாம். எது உண்மை என்று கணினி அறியாது. உறுதியைப் படித்து, நிலத்திற்குச் சென்று பார்ப்பவரே அறிவார்.

நேயர்களே, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம், காணியின் எல்லையையும் உரிமையையும் ஒருங்கே பதிய வழிவகுத்தது. அத்தகைய பதிவு செம்மையாக அமைய நாமும் ஒன்று செய்யலாம். காணியைப் பங்கிடும்போது, பிள்ளைக் காணியின் படத்தில் தாய்ப் படத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் தவறாது எழுதுவிப்போம். பிரிக்கப்படாத காணி மறுபடி அளக்கப்பட்டு, இரு படங்களும் ஒரே உருவாய் நிற்குமிடத்தில், எது முந்தியது என்று பரப்பளவு சொல்லாது. அந்த ஒரு வரியே சொல்லும். நம் பேரப்பிள்ளைகள் வேலிக்காக வழக்காடாதிருக்க அவ்வொரு வரி உதவும்.