பனிப்படையும் குளக்கட்டும்

வன்னியிலே வாழும் நமக்கு உறைபனி ஏட்டிலே கண்ட பொருள்தான். ஆயினும், 2016 பெப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் மலையிலே, மெட்ராஸ் படைப்பிரிவின் காவலரணிலிருந்து பனியிற் புதையுண்ட பத்து வீரருள் நால்வர் தமிழ்நாட்டவர்.

மலைப்பனி ஒரே பாளமன்று. ஒவ்வொரு பொழிவும் ஒரு படை. அடியிலே சர்க்கரைபோல் ஒட்டாத மணிப்பனி கிடக்க, அதன்மேற் காற்றுக் குவித்த பனி இறுகி நின்றால், ஒருவனது காலடியே போதும். சரிவு முழுவதும் பலகைபோற் பெயர்ந்து வரும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரிதும் அஞ்சத்தக்கவை.

நம் கமக்காரர் குளக்கட்டின் உறுதியை மேலே முளைத்த புல்லைக் கொண்டா மதிக்கின்றனர்? அடியிலே கசிவையன்றோ தேடுகின்றனர்! மலைவல்லாரும் பனியிற் குழி வெட்டிப் படைகளை விரலால் அழுத்திப் பார்ப்பர். ஒரு பனித்தூணை அறுத்து நிறுத்தி, அதன் தலையிற் சவலின் அலகை வைத்துக் கையால் தட்டுவர். சில தட்டிலேயே தூண் வழுக்குமாயின் திரும்பிவிடுவர். ஆனால் ஒரு குழி அவ்விடத்தையே சொல்லும். சற்று அப்பால் நிலை வேறாகலாம். காலின்கீழ்ப் பனி 'உம்' என்று அமுங்கும் ஓசை கேட்டால் குழியே வேண்டா.

சியாச்சினிற் பெயர்ந்ததோ பெரும் பனிச்சுவர். அதனை எந்தக் குழியும் முன்னறிவித்திராது என்பதே என் கருத்து. ஆறு நாளின் பின் அனுமந்தப்பா என்னும் வீரர் ஒருவர் மட்டும் உயிருடன் அகழ்ந்தெடுக்கப்பட்டார். பெப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையிலே அவரும் உயிர் நீத்தார்.