பச்சைப் புள்ளியை நம்பலாமா?



1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் கடை தீக்கிரையானது. ஒன்பது பேர் மாண்டனர். மின்சாரம் நின்றுபோய் மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டவர்களும் அவர்களில் அடங்குவர். தீ மூண்டால் மின்சாரம் சீக்கிரமே போய்விடக்கூடும். அதோடு விளக்குகளும் அணைந்துவிடும். புகையும் இருட்டும் சேர்ந்துகொண்டால், நாள்தோறும் ஏறி இறங்கிய படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதுகூட மறந்துபோகும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அலுவலகங்களிலும் கடைத்தொகுதிகளிலும் அவசரகால விளக்குகளைப் பொருத்துகிறார்கள்.

பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் கட்டட நிர்வாகங்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இவ்வகை விளக்குகள் பலவற்றின் உள்ளேயே ஒரு மின்கலம் இருக்கும். மின்சாரம் உள்ளவரை அது மின்னேற்றம் பெறும். மின்சாரம் போனதும் விளக்கை எரியவைக்கும். வெளியே சிறு பச்சைப் புள்ளி ஒன்று ஒளிரும். அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்று போய்விடுகிறார்கள். மின்கலத்துக்கு மின்சாரம் ஏறுகிறது என்பதைத்தான் அந்தப் புள்ளி காட்டும். எத்தனை நிமிடம் தாங்கும் என்று காட்டாது. சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் பாதிச் சோதனையே. சத்திழந்த மின்கலமும் ஓரிரு நிமிடம் பளிச்சென்று எரியும். பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடிவிடும்.

அதனால்தான் சோதனை இரண்டு வகை. மாதத்துக்கு ஒருமுறை எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று நடந்து சென்று பார்ப்பது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமான விளக்குகளின் மின்சாரத்தை நிறுத்தி, எத்தனை மணி நேரம் எரியவேண்டும் என்று விதித்திருக்கிறதோ அத்தனை நேரமும் எரியவிட்டுப் பார்ப்பது மற்றொன்று. தொடங்கும்போது பார்த்தால் போதாது; முடியும் தறுவாயிலும் மறுபடி ஒரு சுற்று நடக்கவேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. முழுதும் தீர்ந்த மின்கலம் மறுபடி நிறைய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கட்டடத்துக்குப் பாதுகாப்பு குறைவு. ஆட்கள் இல்லாத விடுமுறை நாளில் செய்வது நல்லது. முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் செய்யலாம்.

மின்கலத்துக்குப் பகை வெப்பம். கூரைத் தட்டிக்கு மேலே காற்றோட்டமின்றிக் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். வேறொரு கோளாறும் நடக்கிறது. விளக்கின் மின்னேற்றக் கம்பியைத் தவறுதலாகச் சாதாரணச் சுவிட்சோடு இணைத்துவிடுகிறார்கள். காவலாளி இரவில் சிக்கனமாகச் சுவிட்சை அணைக்க, மின்கலம் இரவுதோறும் காலியாகிச் சீக்கிரமே கெட்டுவிடும். பாவம், அவர்மேல் குற்றமில்லை! புதிதாகத் தடுப்புச்சுவர் எழுப்பி, "வெளியேறும் வழி" விளக்கை அதன் பின்னால் மறைத்துவிடும் கடைக்காரர்களும் உண்டு. அந்த விளக்கு எரிந்து யாருக்கு லாபம்?

சிங்கப்பூரில் 200 பேருக்கு மேல் கூடக்கூடிய பொதுக் கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். மலேசியாவிலும் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி இத்தகைய சான்றிதழ் உண்டு. ஆனால் சான்றிதழுக்கு முந்திய வாரத்தில் மட்டும் பரபரப்பாக வேலை நடந்தால் மற்ற மாதங்களின் கதி என்ன?

கூட்டுரிமை வீடுகளிலும் அலுவலகக் கட்டடங்களிலும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவோர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சோதனைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இத்தகைய மின்கலங்கள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் 200 விளக்குகள் உள்ள கட்டடத்தில், சராசரியாக ஆண்டுக்கு 50 மின்கலங்களாவது மாற்றப்பட்டிருக்கவேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட மாற்றப்படாமல், எல்லா வரிசையிலும் ஒரே மையில் "சரி", "சரி" என்று எழுதியிருந்தால், அந்த விளக்குகளை யார், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் எரியவிட்டுப் பார்த்தார்கள் என்று கேட்கவேண்டும்.