விசிறி போய் ஜெட் வந்தபோது



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் தேக்கா சந்தையையும் சிராங்கூன் சாலையையும் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கோவில், பூக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று நமக்குப் பழகிய காட்சிகள் நிறைந்த இடம். அதன் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் அங்கே இருந்தது. பந்தயம் 1933-இல் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் திடலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டவர், மரச்சட்டத்தின்மேல் துணியைக் கட்டிச் செய்த ஒரு விமானத்தில் அங்கிருந்து கிளம்பி வானில் பறந்து காட்டினார். சிங்கப்பூர் மக்கள் கண்ட முதல் விமானம் அதுதான். 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்களும் அதே திடலில்தான் வந்து இறங்கினார்கள்.

அந்த முதல் விமானம் பறந்து நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து, அதே ஊரில் ஜெட் விமானம் வந்து இறங்கியது. அதை ஓட்ட விரும்பிய விமானிகளின் ஆர்வத்தையும், பக்கத்தில் நின்று பார்த்த மற்ற விமானிகளின் தயக்கத்தையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அந்தத் தயக்கத்தைப் பொறாமை என்று பலர் சொல்லிவிட்டார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

1937-இல் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் அங்கிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. சில காலத்தில் டக்கோட்டா என்ற விமானங்களும் வந்து சேர்ந்தன. மலாயாத் தோட்டங்களில் அந்நாளில் இருந்த பெரியவர்களுக்கு, பால்மரங்களுக்கு மேலே கடகடவென்று தாழப் பறந்து போன அந்த இரட்டை எஞ்சின் விமானம் நினைவிருந்திருக்கும். இறக்கைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விசிறி. அது சுழன்று காற்றைப் பின்னால் தள்ளும். விமானம் முன்னால் போகும். மேகத்துக்குள் நுழைந்தால் குலுக்கல்தான். காதடைப்பும் வாந்தியும் சாதாரணம்.

1952 அக்டோபரில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் காமெட் என்ற ஜெட் விமானத்தை விடத் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், அது கொழும்புக்கும் வந்துவிட்டது. உலகில் பயணிகளை ஏற்றிய முதல் ஜெட் அது. விசிறியே கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எண்ணெயோடு எரித்து, அந்தச் சூடான காற்றைப் பின்புறமாகச் சீறி வெளியேற்றும். ஊதிய பலூனின் வாயை விட்டுவிட்டால் அது எப்படிப் பாய்கிறதோ அப்படி. 36 பேரைச் சுமந்துகொண்டு, 35,000 அடிக்கு மேலே, பெரும்பாலான மேகங்கள் எட்டாத உயரத்தில் அது பறந்தது. பயண நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதை ஓட்டிப் பார்த்த விமானிக்கு எப்படி இருந்திருக்கும்! பல ஆண்டுகளாக எஞ்சின் அதிர்ச்சியில் கையும் காலும் மரத்துப்போனவர் அவர். ஜெட்டில் அதிர்வு இல்லை. கருவிகளின் முள் நடுங்காமல் நிற்கிறது. புயல் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது. கீழே இறங்கி வந்ததும் தோழர்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? இனி விசிறி விமானத்தைத் தொடவே மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மகிழ்ந்துவிடவில்லை. சிலர் கையைக் குலுக்கினார்கள். அடுத்த முறை தங்களுக்கு வாய்ப்பு வருமா என்று கேட்டவர்கள் இளையவர்கள். சிலர் கேலி செய்தார்கள். இன்னும் சிலர் ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்குள் கவலை இருந்தது. கவலை பல வகை.

ஒன்று, பிழைப்பைப் பற்றியது. பழைய நீண்டதூர விமானங்களில் விமானியைத் தவிர, வழி கணிப்பவர் ஒருவர், வானொலித் தொடர்புக்கு ஒருவர், எஞ்சினைக் கவனிக்க ஒருவர் என்று பலர் இருந்தார்கள். புதிய கருவிகள் வர வர அந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. இயந்திரம் வந்தால் எத்தனை பேருக்குப் பிரட்டில் பெயர் இருக்காது என்ற கேள்வி நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஆகையால் அதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவை தொழிலைப் பற்றியவை. இவற்றைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விசிறி விமானத்தில் எஞ்சின் வேகத்தைக் கூட்டினால், விசிறி தள்ளும் காற்று உடனே இறக்கையின்மேல் பாயும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி அந்தக் கணமே கிடைக்கும். தரை இறங்கும்போது கொஞ்சம் தாழ்ந்துவிட்டால், கைப்பிடியைத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளலாம். அந்தக்கால ஜெட் அப்படி இல்லை. கைப்பிடியைத் தள்ளிய பிறகு எஞ்சின் முழு வேகத்தை எட்டச் சில விநாடிகள் ஆகும். தரைக்கு அருகே அந்தச் சில விநாடிகள்தாம் உயிர். ஆகவே ஜெட் விமானி முன்கூட்டியே யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய விமானியின் கை பழக்கத்தின்படி கடைசி நேரத்தில் வேலை செய்யும்.

அடுத்தது, மேலே எழும்புவது. லாரியில் போகும்போது கையைத் தட்டையாக வெளியே நீட்டிப் பாருங்கள். முன்பக்கத்தைச் சிறிது உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும். அளவுக்கு மேல் உயர்த்தினால் தூக்காது, பின்னுக்குத்தான் தள்ளும். விமான இறக்கைக்கும் அதே கதைதான். காமெட் ஓடுபாதையில் ஓடும்போது மூக்கைக் கொஞ்சம் அதிகமாக உயர்த்திவிட்டால், இறக்கை தூக்க மறுத்துவிடும், வேகமும் ஏறாது. உதவிக்கு விசிறிக் காற்றும் இல்லை.

இன்னும் ஒன்று. காமெட்டில் திருப்பும் பலகைகளை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிகள் அசைத்தன. காற்று எவ்வளவு பலமாக எதிர்க்கிறது என்பது விமானியின் கைக்குத் தெரியவில்லை. பால் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். உளி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைக் கண் சொல்வதைவிடக் கை அதிகமாகச் சொல்லும். அந்தக் கையுணர்வு இல்லாமல் வெட்டச் சொன்னால் மரம் என்ன ஆகும்?

இந்தக் கவலைகள் வெறும் பேச்சல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. 1952 அக்டோபர் 26-ஆம் நாள் ரோம் நகரில் ஒரு காமெட் எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய் உடைந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விமானியின் பிழை என்று தீர்ப்பானது. அவரை மறுபடியும் விசிறி வைத்த சரக்கு விமானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1953 மார்ச் 3-ஆம் நாள் கராச்சியில் கனடா நாட்டு நிறுவனத்தின் காமெட் ஒன்று அதே விதமாக எழும்ப முடியாமல் போயிற்று. இம்முறை அதில் இருந்த 11 பேரும் மாண்டார்கள். அதற்கும் விமானியே காரணம் என்றார்கள். ஆனால் அதன் பின் இறக்கையின் முன்விளிம்பை விமானம் செய்தவர்களே மாற்றி அமைத்தார்கள். விமானியின் பிழை மட்டுமே என்றால், இறக்கையை ஏன் மாற்ற வேண்டும்? இந்தக் கேள்வியை அன்றைய விமானிகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு நடந்தவை சிங்கப்பூரோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. 1953 மே 2-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காமெட், கல்கத்தாவில் நின்று கிளம்பிய சில நிமிடங்களில் புயற்காற்றில் சிக்கி, வானிலேயே உடைந்து விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். பலமான காற்று மோதியதோ, விமானி கட்டுப்பாட்டை இழந்தாரோ என்று விசாரணையில் பேசப்பட்டது. திருப்பும் கருவிகளில் கையுணர்வு வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் வலுத்தது.

1954 ஜனவரி 10-ஆம் நாள், மறுபடியும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய காமெட். ரோமில் இறங்கி, ஏறி, எல்பா தீவுக்கு அருகே தெளிவான வானத்தில் சிதறியது. 35 பேர். விமானங்களை நிறுத்தினார்கள், சோதித்தார்கள், சிற்சில மாற்றங்கள் செய்து மார்ச் மாதம் மறுபடியும் விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 8-இல், ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் பறந்த இன்னொரு காமெட் இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தது. 21 பேர். அத்தோடு காமெட் பறப்பதற்கு அனுமதி நீக்கப்பட்டது.

கடலின் அடியிலிருந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற இடத்தில், ஒரு முழு விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அதன் உள்ளேயும் தண்ணீரை ஏற்றி அழுத்தினார்கள், தளர்த்தினார்கள். இப்படி இரவும் பகலுமாக.

ஏன் இப்படிச் செய்தார்கள்? மிக உயரத்தில் மனிதன் மூச்சுவிடக் காற்று போதாது. எனவே விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். மேலே போனால் உடல் சற்று உப்பும். கீழே வந்தால் அடங்கும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகிறது? முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நேரம் வரும், பட்டென்று முறியும். உலோகத்துக்கு வரும் இந்தக் களைப்புத்தான் காமெட்டை உடைத்தது. பறந்த பயணங்களையும் தொட்டியில் கொடுத்த அழுத்தங்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 ஆனபோது, அந்த விமானத்தின் உடல் கிழிந்தது. எல்பாவில் விழுந்த விமானம் 1,290 தடவைதான் பறந்திருந்தது. திறப்புகளின் மூலைகளில் விரிசல் தொடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெட்டைப் புகழ்ந்த விமானிக்கும் இந்தக் குற்றம் தெரியாது. சந்தேகப்பட்ட விமானிக்கும் தெரியாது. சந்தேகப்பட்டவர் கையைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் கவலைப்பட்டார். அந்தக் கவலை சரியானதே. ஆனால் ஆளைக் கொன்ற விரிசல் யார் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத தகட்டுக்குள் இருந்தது. ஆகையால், பழையவர்கள் எல்லாம் முன்பே அறிந்திருந்தார்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களின் பேச்சை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆரம்பத்திலேயே பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால், ரோமுக்கும் கராச்சிக்கும் நடுவிலாவது ஓர் இறக்கை மாறியிருக்கும் என்பது மட்டும் நம் எண்ணம்.

ஜெட் தோற்றுவிடவும் இல்லை. கனமான தகடும் வட்டமான சன்னலும் கொண்ட புதிய காமெட் 1958-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்தது. காலாங் நிலையம் 1955-இல் மூடப்பட்டு பாய லேபார் திறந்த பிறகு, 1962-இல் மலாயன் ஏர்வேஸ் நிறுவனமும் பி.ஓ.ஏ.சி.யிடமிருந்து அந்தப் புதிய காமெட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. அந்த நிறுவனம் பெயர் மாறி மாறி, 1972-இல் இரண்டாகப் பிரிந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனியே நின்றது. 2007 அக்டோபர் 25-ஆம் நாள், இரண்டடுக்கு கொண்ட ஏ380 விமானத்தை உலகிலேயே முதன்முதலாகப் பயணிகளோடு சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஓட்டியது அதே நிறுவனம்தான்.

இப்போதும் விமானிகளுக்குள் பேச்சு ஓய்ந்தபாடில்லை. கணினி ஓட்டுகிறதா, மனிதன் ஓட்டுகிறானா என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு வகை விமானத்திலிருந்து வேறு வகைக்கு மாறும் எவரும், இருபது ஆண்டு பறந்த மூத்தவராக இருந்தாலும், மறுபடியும் மாணவராக உட்கார்ந்து பரீட்சை எழுதியாக வேண்டும். அசையும் ஒரு கூண்டுக்குள், உண்மையான விமானத்தில் இருப்பதுபோன்ற கருவிகளுக்கு முன் அவரை உட்கார வைக்கிறார்கள். ஓடுபாதையில் வேகம் ஏறும் சமயம் பார்த்து ஓர் எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழாத கூண்டு அது. இருந்தும், அதைவிட்டு வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.