ஏர் பிடித்தவன் பாட்டு

(மொழிப்போர் ஈகியர் நாளன்று ஸ்ரீமுஷ்ணத்தில் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து)



இன்று சனவரி 25. 1964-ஆம் ஆண்டு இதே நாளில், திருச்சியிலே கீழப்பழுவூர் சின்னசாமி தமிழுக்காகத் தன் உடலைத் தீக்கு ஈந்தான். அடுத்த ஆண்டு சனவரி 27-ல், நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்திலே மாணவன் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி மாய்ந்தான்.

இதே சனவரி 25-ல் கடல் கடந்த ஸ்காட்லாந்திலும் விழா! யாருக்கு? முடி தரித்த மன்னனுக்கா? அல்ல, ஏர் பிடித்த பாட்டுக்காரன் இராபர்ட் பர்ன்ஸுக்கு! 1759-ல் இந்நாளில்தான் அவன் பிறந்தான்.

"ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்னய்யா உறவு?" என்பீர்கள். கேளுங்கள். 1707-ல் அந்நாடு தன் பாராளுமன்றத்தை இழந்து இங்கிலாந்தோடு இணைந்தது. பிறகு, படித்த பெருமக்களுக்குத் தாய்மொழிச் சொல் நாவில் வந்தால் நாணம்! தவிர்க்கவேண்டிய ஸ்காட்லாந்துச் சொற்கள் இவையிவை என்று பட்டியலே அச்சிட்டார்கள். அந்த வேளையிலே பர்ன்ஸ் உழவன் வீட்டு மொழியில் பாடினான். மறைந்துகொண்டிருந்த மெட்டுகளைத் தேடியெடுத்தான், சொல் தந்தான், அந்தத் தொண்டுக்குக் கூலி வேண்டாமென்றான். வயிற்றுப்பாட்டுக்கோ தீர்வைத்துறையிலே அரசாங்க வேலை! பட்டம் தரித்த பிரபுவினும் நேர்மையுள்ள ஏழை உயர்ந்தவன் என்று முழங்கிய அவன் பாட்டு, 1795-ல் ஏட்டில் வந்தபோது அவன் பெயரின்றியே வந்தது.

1999 சூலை முதல் நாள். 292 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் மீண்டும் திறக்கப்படுகிறது. எலிசபெத் அரசியார் வீற்றிருக்கிறார். பாடகி ஷீனா வெலிங்டன் எதைப் பாடினார் தெரியுமா? பிரபுக்களை எள்ளி நகையாடும் அதே பாட்டை! மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து பாடினர். 2014 வாக்கெடுப்பிலே தனி நாடு வேண்டாமென்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். பாட்டை மட்டும் விட்டார்களில்லை.

அந்த நாணம் இங்கே இல்லாமலா இருந்தது? கச்சேரி மேடையிலே தமிழ்ப் பாட்டுக்குக் கடைசி இடம், 'துக்கடா' என்ற பெயர்! 1941-ல் அண்ணாமலை நகரிலே அண்ணாமலை அரசர் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-ல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. இசைக்கு மொழியேது என்று வாதாடினர் சிலர், தெலுங்கையும் வடமொழியையும் விடாது பற்றிக்கொண்டே!

சுந்தரனார் 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குச் சற்றுப் பொறாமைதான். அந்த நாடகத்தைப் படித்தவர் சிலர். அதன் தமிழ் வணக்கத்தை அறியாத பள்ளிப்பிள்ளை இல்லை. 1970-ல் அரசு விழாக்களுக்கு வந்த அப்பாட்டு, 2021-ல் மாநிலப் பாடலாயிற்று.

ஆனால், வாழ்த்து மட்டும் போதுமா? நந்தனைப் பாருங்கள். பெரியபுராணத்து நந்தனாருக்குப் பண்ணை ஆண்டை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார்தாம் நிலமுடைய வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தார். தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு அடிமை கெஞ்சுகிறான். வயல்வேலை என்னாவது என்று ஆண்டை சீறுகிறார். பக்திக் கதை பண்ணைக் கதையாகிவிட்டது! பாரதியார் நினைத்தாரோ இல்லையோ, கேட்டவன் நெஞ்சிலே கேள்வி முளைத்தது. அதே கதையைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனாராக்கினார். கோயிலுக்குத் துடித்தவன் அங்கே கல்விக்குத் துடித்தான். 1949-ல் அண்ணாவின் 'நல்லதம்பி' படத்திலே நாடே கண்டது, சிரித்தது, சிந்தித்தது.

தோழர்களே, கசப்பான ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நம் இளைஞர்கள் பாட்டெழுதி என்னிடம் தருகிறார்கள். எடுத்தால் தலைவர் பெயர், முடித்தால் தலைவர் பெயர். இடையிலே சிங்கம், சிறுத்தை, சூரியன்! அதைக் கேட்டுத் தலைவர் மகிழலாம். வயலிலே நிற்பவள் அதை ஏன் பாடவேண்டும்? விருத்தாசலத்திலே பீங்கான் சூளை முன் வேகிறவன் எங்கே அந்தப் பாட்டில்? முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல் வெந்த பெண் எங்கே? நாற்று நடுவோர் பாடும் மெட்டு இருக்கிறது, கும்மி இருக்கிறது, ஒப்பாரியும் இருக்கிறது. பாட்டியிடம் உட்கார்ந்து மெட்டைக் கேளுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வரும்போது ஒலிபெருக்கியில் சினிமாத் தட்டு வேண்டாம். முதல் கால் மணி நேரம் இவ்வூர்ப் பெண்களுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் பாடி முடிக்கட்டும். அதற்குப் பிறகு நான் பேசுகிறேன்.